மாங்கூழ் ஆலையின் கணக்கு சிங்கப்பூர் சர்வரில் இருக்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறோம், பிரைவேட் லிமிடெட். விவசாயிகளின் ஆதார் நகல், வங்கி விவரம், கொள்முதல் கணக்கு எல்லாம் கிளவுட் மென்பொருளில் இருக்கின்றன. சர்வர் சிங்கப்பூரிலாம். தரவு நாட்டைத் தாண்டக் கூடாது என்கிறார்களே, உடனே மாற்ற வேண்டுமா?

பதில்: பதற வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவு வெளியே போவதை மொத்தமாகத் தடுக்கவில்லை. இன்னின்ன நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தால்தான் தடை. அந்த அதிகாரத்தைத் தருவது 16ஆவது பிரிவு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

'பணப் பரிமாற்றத் தரவு இந்தியாவில்தான் இருக்க வேண்டும்' என்ற ரிசர்வ் வங்கியின் 2018 உத்தரவைத்தான் பலரும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது பணப் பரிமாற்ற அமைப்புகளை நடத்துவோருக்கானது. விவசாயிக்கு வங்கி வழியாகப் பணம் போடும் உங்களுக்கு அல்ல.

நீங்கள் கவனிக்க வேண்டியது கம்பெனிக் கணக்கு விதியை. கணக்குப் புத்தகம் வெளிநாட்டு சர்வரில் இருக்கலாம், ஆனால் அதன் பேக்கப் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் முதல் அதைத் தினமும் எடுக்க வேண்டும். மென்பொருள் நிறுவனத்தின் பெயர், இடம் போன்றவற்றைக் கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டுதோறும் தெரிவிக்கவும் வேண்டும். சீசனில் பெங்களூரா ரக மாம்பழ லோடு வாசலில் வரிசை கட்டி நிற்கும்போது பேக்கப் நின்றுபோனால் யார் கண்ணிலும் படாது. அதனால் இந்த வேலையை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். அப்புறம் மென்பொருள்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்: தரவு எந்த ஊரில், பேக்கப் எந்த ஊரில், மும்பை அல்லது ஐதராபாத் சர்வருக்கு மாற்ற முடியுமா? முடியும் என்றால் மாற்றிவிடுங்கள். நாளை சிங்கப்பூருக்கே தடை வந்தாலும் அவசர ஓட்டம் இருக்காது.

கூழின் பிரிக்ஸ் (சர்க்கரைச் செறிவு) அளவு, ஆய்வக அறிக்கை போன்றவை தனிநபர் தரவு ஆகாது. விவசாயியின் ஆதார் நகல் ஆகும். அது கசிந்தால், தவறு மென்பொருள்காரருடையது என்றாலும் சட்டம் உங்களைத்தான் கேட்கும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நம்மை நம்பி அவர்கள் கொடுத்த காகிதம் அது. பணம் போட வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் போதும். வேறு தேவை இல்லாத ஆதார் நகல்களை இந்த வாரமே அழித்துவிடுங்கள், அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கிடப்பவற்றையும் சேர்த்து.