குமாரசாமிப்பேட்டையா, இலக்கியம்பட்டியா?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. இந்த வருடம் தருமபுரிக்கு மாறுதல் கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒருமுறை வந்து போவார். என்னோடு அம்மாவும் (68 வயது, மூட்டு வலி) மூன்று வயது மகளும் இருப்பார்கள். இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று குமாரசாமிப்பேட்டையில், முப்பது வருடப் பழைய வீடு. சந்துக்குள் இருக்கிறது, கார் போகாது. இன்னொன்று இலக்கியம்பட்டி பக்கம், மனைப்பிரிவில் கட்டி மூன்று வருடமான வீடு. 1200 சதுர அடி மனை, சொந்த போர், கார் நிறுத்த இடம். விலை ஏறத்தாழ ஒன்றுதான். பின்னால் விலை ஏறும் என்று வீட்டுக்காரர் புதியதையே சொல்கிறார். அம்மாவுக்குக் கோவில் பக்கத்தில் இருக்க ஆசை. நீங்கள் இரண்டு பக்கமும் குடியிருந்ததாக எழுதியிருந்தீர்கள். எதை வாங்கலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சதுர அடி, கார், சந்து, கோவில், விலை எல்லாம் இருக்கிறது. தண்ணீரைப் பற்றி 'சொந்த போர்' என்ற இரண்டு சொல் மட்டும், அதுவும் வீட்டுக்கு ஒரு சிறப்பு மாதிரி வந்திருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையோடு இந்த ஊருக்கு வருகிறீர்கள். அதனால் நான் அந்த இரண்டு சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்குப் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். என் வயதுக்காரர்கள் பலர் வாய்திறந்து சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். எனக்கும் உண்டு. கல்லூரிக்கு வெளியூர் போனபோது, வெற்றிலை போடுவாயா என்று கேட்டார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் இருந்த ஃப்ளோரைடு, ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலைக் கெடுத்துவிட்டது. போட்டோ எடுக்கும்போது உதட்டை மூடிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இன்றும் இருக்கிறது.

நிலைக்கிற பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயது வரை உருவாகிக்கொண்டிருக்கும். உங்கள் மகளுக்கு இப்போது மூன்று. அடுத்த ஐந்து வருடம் அவள் குடிக்கிற தண்ணீர் அவள் பல்லில் ஆயுள் முழுக்க நிற்கும். பெரியவர்களுக்குப் பல் கெடாது, ஆனால் பல வருடம் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் சேரும். ஏற்கெனவே மூட்டு வலி உள்ள அம்மாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் காரணம் நம் ஊர்ப் பாறைதான். இந்தப் பகுதி முழுக்கக் கடினப் பாறை. அந்தப் பாறையிலேயே ஃப்ளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. ஆழத்தில் நீண்ட காலம் பாறையோடு தங்கிய தண்ணீரில் அது கரைந்து சேர்ந்துகொள்ளும். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. தெருவுக்குத் தெரு, போருக்குப் போர் இது மாறும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதால் உங்கள் வீட்டுத் தண்ணீரும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நாக்கில் வைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. உப்பாக இருந்தால் உப்பு தெரியும், ஃப்ளோரைடு தெரியாது.

காய்ச்சினால் போய்விடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃப்ளோரைடு அப்படியே தங்கும், செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் இதை எடுக்காது. ஆர்.ஓ. குறைக்கும். ஆனால் ஆர்.ஓ. வைத்த வீடுகளிலும் குடிக்க மட்டும் அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டு, சோற்றுக்கும் பருப்புக்கும் போர் குழாயைத் திறக்கிறார்கள். சமைக்கிற தண்ணீர் வழியாகவும் அது உடம்புக்குள் போகிறது. எங்கள் வீட்டிலும் இரண்டு வருடம் இப்படித்தான் செய்தோம். யாரும் சொல்லித்தரவில்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருப்பது இதனால்தான். 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக, 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் வருகிறது. என் அம்மா முதல் குடம் பிடித்த அன்று, இந்தத் தண்ணியில் பருப்பு சீக்கிரம் வெந்துவிட்டது என்று மதியம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் நீங்கள் இரண்டு வீட்டிலும் முதலில் கேட்க வேண்டியது, ஒகேனக்கல் தண்ணீர் இந்த வீட்டுக்குள் வருகிறதா என்பது. தெருவில் குழாய் இருக்கிறது என்றால் போதாது. வீட்டு இணைப்பு இருக்கிறதா, அதற்கு வரி கட்டிய ரசீது இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? இவற்றைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள். தண்ணீர் வரும் நாளில் அந்தத் தெருவுக்குப் போய், குடத்தோடு நிற்கும் பெண்களிடம் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் முழுக் கதையும் வந்துவிடும்.

குமாரசாமிப்பேட்டையில் நான் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தேன். நகராட்சிப் பகுதி. தண்ணீர் தினமும் வராது, ஆனால் வரும் நாள் தெரியும். தரைக்குக் கீழே ஒரு தொட்டி இருந்துவிட்டால் சமாளித்துவிடலாம். முருகன் கோவிலுக்கு உங்கள் அம்மா கம்பு ஊன்றிக்கொண்டே நடந்து போய்வரலாம். தைப்பூசத்தில் ஒருநாள் பெண்கள் மட்டும் தேர் இழுப்பார்கள், அந்த வாரம் தெருவே வேறு மாதிரி இருக்கும். மருந்துக்கடை, மளிகை, பூக்காரம்மா எல்லாம் கூப்பிடு தூரம்.

ஆனால் சந்து விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இருந்தபோது எதிர்வீட்டுத் தாத்தா ஒரு ராத்திரி மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் உள்ளே வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாங்கள் நாலு பேர் மெயின் தெரு வரை தூக்கிப்போனோம். நீங்கள் பார்த்த சந்தில் ஆட்டோவாவது வாசல் வரை வருமா என்று ஒரு ஆட்டோவிலேயே போய்ப் பாருங்கள். வராது என்றால் அந்த வீடு வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

பழைய வீட்டில் இன்னொரு சிக்கல் பத்திரம். பூர்வீக வீட்டை அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது இன்னும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்து சட்டம் வந்தது, 2005-இல் நாடு முழுக்க விரிவாக வந்தது. வாரிசுச் சான்றிதழில் உள்ள அக்கா தங்கைகள் அத்தனை பேரும் கிரயத்தில் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கம் வரை ஒரு வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இலக்கியம்பட்டி பக்கம் அப்புறம் நாலு வருடம் இருந்தேன். காற்று நல்லா வரும், கலெக்டர் ஆபீஸ் பக்கம், குழந்தை ஓடி விளையாட இடம். ஊராட்சியாகவே இருந்து வளர்ந்த பகுதி என்பதால் குழாய், சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் வீடுகளுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தன. வீட்டுச் சொந்தக்காரம்மா பெருமையாகக் காட்டிய போர் ஏப்ரலில் வெறும் காற்றைத் தள்ளியது. இன்னும் நாலு குழாய் இறக்கினார்கள், தண்ணீர் வந்தது. சந்தேகப்பட்டுப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஃப்ளோரைடு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அந்த வாரமே சமையலுக்கும் சேர்த்து ஒகேனக்கல் தண்ணீருக்கு மாறினோம்.

அந்த வீட்டில் மனைப்பிரிவு அங்கீகாரத்தையும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாமல் பிரித்த மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதி வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றுக்குத்தான் அது. உங்கள் மனை எந்த வகை என்று ஆணையின் நகலோடு காட்டச் சொல்லுங்கள். தெருவையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். கொடுக்காத இடத்தில் குழாய் பதிக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள். எந்த வீடானாலும் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் தப்பில்லை. புதிய பக்கம் விலை ஏறலாம். ஆனால் அவர் வாரம் ஒருநாள்தான் அங்கே இருப்பார். மிச்ச ஆறு நாள் தண்ணீர் பிடிப்பது நீங்கள், படி ஏறுவது அம்மா, குடிப்பது குழந்தை. இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

என் முடிவைக் கேட்டால், ஆட்டோ வாசல் வரை வந்து, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் குமாரசாமிப்பேட்டை. இதில் ஒன்று தவறினாலும் இலக்கியம்பட்டி, அங்கே வீட்டுக்குள் ஒகேனக்கல் இணைப்பு இருந்தால். இரண்டிலும் சரிப்படவில்லை என்றால் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள், ஒரு மே மாதத்தை இங்கே கழித்துவிட்டு வாங்கலாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. இரண்டு சுத்தமான லிட்டர் பாட்டில் எடுத்துப் போங்கள். போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிவிட்டுப் பிடியுங்கள். பழைய வீட்டில் போர் இருந்தால் அதிலும் பிடியுங்கள். எந்த வீடு என்று பாட்டில் மேல் எழுதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருவார்கள். ஃப்ளோரைடு எவ்வளவு என்று தாளில் எழுதியிருக்கும். அந்த இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்