கிளியரிங் ஆபீஸ் வேலை: ஜி கார்டு தேதியிலிருந்துதான் கணக்கு

கேள்வி: என் மகன் பி.காம். முடித்திருக்கிறான். மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் (ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்துறை வேலைகளை முடித்துக் கொடுக்கும் இடம்) ஆள் எடுக்கிறார்கள். "எல்லாம் ஆன்லைனாகிவிட்டது, இனி இந்தத் தொழில் அவ்வளவுதான்" என்கிறார் உறவினர் ஒருவர். மகனைச் சேர்த்துவிடலாமா? பிற்பாடு சொந்தமாக லைசென்ஸ் எடுக்க என்ன வழி? - தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: உறவினர் சொல்வதில் பாதி உண்மை. முகம் பார்க்காத மதிப்பீட்டு முறையைச் சுங்கத்துறை முதலில் தொடங்கியதே சென்னையிலும் பெங்களூரிலும்தான், 2020 ஜூன் 8 அன்று. இங்கே தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்கின் விவரமும் வரியும் காட்டும் படிவம்) இப்போது வேறு ஏதோ ஒரு ஊர் அப்ரைசர், அதாவது சுங்க மதிப்பீட்டு அதிகாரி, திரையில் பார்க்கிறார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸில் மாடி மாடியாக ஏறி இறங்கிய வேலை அதோடு போயிற்று. சரக்கைத் திறந்து பார்ப்பது மட்டும் பழையபடி நம் ஊர் சிஎஃப்எஸ்களில் (கன்டெய்னர்களை வைத்துப் பிரிக்கும் கிடங்குகள்) நடக்கிறது. முன்பு அப்ரைசர் மேசை முன் நின்று வாயால் விளக்கியதை இப்போது நாலு வரியில் எழுதி அனுப்ப வேண்டும். அது தெரிந்த பையன்களுக்குத்தான் இன்று ஆபீஸ்களில் கிராக்கி. ஆகவே சேர்க்கலாம். ஆனால் எந்த வேலைக்கு என்று கேட்டுச் சேருங்கள்.

கிளியரிங் ஏஜென்டைப் பேச்சு வழக்கில் இன்னும் சிஎச்ஏ (கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட்) என்றாலும், சட்டப்படி இப்போது பெயர் கஸ்டம்ஸ் புரோக்கர். இவர்களை ஆள்வது 2018ஆம் ஆண்டு லைசென்ஸ் விதிமுறைகள். அதன்படி சுங்கத்துறை தரும் அடையாள கார்டுகள் மூன்று உண்டு. பிளஸ் டூ முடித்தவருக்கு, கம்பெனி விண்ணப்பித்தால், தேர்வு இல்லாமலே எச் கார்டு கிடைக்கும். அதை வைத்து உதவி வேலைகள் செய்யலாம், கையெழுத்துப் போட முடியாது. சுங்கத்துறை உள்ளூரில் நடத்தும் தேர்வில் தேறினால் ஜி கார்டு. அது வந்தால் கம்பெனி சார்பில் பில் ஆஃப் என்ட்ரியிலும், ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லிலும் கையெழுத்திடலாம். எஃப் கார்டு, லைசென்ஸுக்கான அகில இந்தியத் தேர்வில் தேறியவருக்கு.

பலர் கோட்டை விடும் இடம் இது. லைசென்ஸ் தேர்வு எழுத, பட்டதாரிக்கு 3 வருட அனுபவம் வேண்டும். எம்பிஏ, சட்டம், சி.ஏ. போன்ற தொழில் படிப்பு இருந்தால் 2 வருடம் போதும். இரண்டிலுமே ஜி கார்டு வைத்திருந்த காலம்தான் கணக்கு. எச் கார்டில் எட்டு வருடம் ஹார்பருக்கும் ஆபீசுக்கும் அலைந்தாலும் அதில் ஒரு நாள்கூடச் சேராது. எனவே சேரும்போதே முதலாளியிடம் கேட்க வேண்டியது சம்பளத்தை மட்டுமல்ல: எச் கார்டு எப்போது எடுத்துத் தருவீர்கள், ஜி கார்டு தேர்வுக்கு எப்போது அனுப்புவீர்கள்? வேலை மாறினால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புது கம்பெனி மூலம் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு கார்டின் நகலையும், சேர்ந்த, விலகிய தேதி உள்ள கடிதத்தையும் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும்போது அனுபவத்துக்குச் சாட்சி அவைதான்.

லைசென்ஸ் தேர்வை நடத்துவது நாசின் என்ற மத்திய அரசின் சுங்கப் பயிற்சி நிறுவனம். கணினியில் 150 கேள்விகள், இரண்டரை மணி நேரம், மொத்தம் 450 மதிப்பெண். சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 கழிவு. 60 சதவீதம், அதாவது 270 எடுத்தால் தேர்ச்சி. எல்லாக் கேள்விக்கும் விடை தந்தால் 105 சரியாக இருக்க வேண்டும். 110 மட்டும் தொட்டால் 95 சரியானாலே போதும். தெரியாததை விட்டுவிடுவது லாபம். ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் எழுத முடியும். அதன் பிறகு நேர்முகம். சுங்கச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களை அந்நியச் செலாவணி, போதைப்பொருள், வனவிலங்கு, உணவுப் பாதுகாப்பு போன்ற துணைச் சட்டங்கள் வழுக்கிவிடும்.

லைசென்ஸ் எடுக்கும் கட்டத்தில் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத சொத்து இருப்பதாக வங்கிச் சான்று வேண்டும். 5 லட்சம் பிணைத் தொகையும் கட்ட வேண்டும். 2021 முதல் லைசென்ஸுக்குப் புதுப்பிப்பு இல்லை. ஆனால் தொடர்ந்து ஒரு வருடம் வேலை நடக்காவிட்டால் அது செல்லாததாகிவிடும். கட்சிக்காரர்கள் இல்லாமல் லைசென்ஸை மட்டும் எடுத்து வைப்பதில் புண்ணியமில்லை.

வேலையின் மையம் இரண்டு: பொருளுக்குச் சரியான 8 இலக்க டாரிஃப் எண் (பொருளின் வகையையும் அதற்கான வரியையும் குறிக்கும் எண்), சரியான மதிப்பு. கணக்கு எளிது. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த மதிப்பு 10,00,000 ரூபாய், அடிப்படை வரி 10 சதவீதம் என்று கொள்ளுங்கள். வரி 1,00,000. அதன் மேல் 10 சதவீத சமூகநல சர்சார்ஜ் 10,000. இரண்டையும் மதிப்போடு கூட்டிய 11,10,000க்கு 18 சதவீத ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 1,99,800. ஆக மொத்த வரி 3,09,800. இதை சாஃப்ட்வேரே போட்டுவிடும். எண் தப்பினால்தான் வம்பு.

ஒரு உதாரணம். விளக்கு எரியும் சின்னச் சின்ன வளையங்கள், கண்ணாடிகள் ஒரு கன்டெய்னரில் வருகின்றன. இன்வாய்ஸில் 'பார்ட்டி பொருட்கள்'. ஆபீசில் 9505 என்று விழாப் பொருட்கள் பிரிவில் போட்டுவிட்டார்கள். அப்ரைசர் இது பொம்மை, 9503 என்கிறார். வரி விகிதம் மாறுவது ஒரு பக்கம். 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை கட்டாயம். அது இல்லாமல் சரக்கு வெளியே போகாது. பதில் எழுதி, பரிசோதனை முடிந்து, முடிவு வரும்வரை சிஎஃப்எஸ் வாடகையும் கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்குக் கப்பல் கம்பெனி வாங்கும் டிட்டென்ஷன் கட்டணமும் நாள் கணக்கில் ஏறும். சரக்கு கிளம்பும் முன்பே பொருளின் படமும் கேட்லாகும் வாங்கிப் பார்த்திருந்தால் இந்தச் செலவே இல்லை. தாக்கலுக்கு முன் செக்லிஸ்ட் (பில்லின் முன்வரைவு) அனுப்பி, இறக்குமதியாளர் எழுத்தில் சரி சொன்ன பிறகே பில்லைப் போடுவது இதற்குத்தான். அவசரத்தில் போனில் "ஓகே" வாங்கிப் போடுகிறவர்கள் பிற்பாடு மாட்டுகிறார்கள்.

தாமதமும் காசுதான். கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் தாக்கலாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், பிறகு 10,000. சலுகை வரிக்கு வியட்நாம், மலேசியாவிலிருந்து வரும் மூலச் சான்றிதழில் (பொருள் அந்த நாட்டில் உருவானது என்பதற்கான சான்று) உள்ள விவரம் இன்வாய்ஸோடு ஒத்துப்போகாமல் சலுகை நிற்பது இன்னொரு வழக்கமான தொல்லை.

கையெழுத்துக்குப் பொறுப்பும் உண்டு. கட்சிக்காரரின் ஐஇசி (ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்கான எண்), ஜிஎஸ்டி எண், சொன்ன முகவரியில் ஆள் இருக்கிறாரா என்பதெல்லாம் புரோக்கர் சரிபார்க்க வேண்டியவை. ஆவணங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் போகலாம். பெரிய தப்பென்றால் லைசென்ஸே ரத்தாகும், பிணைத் தொகையும் போகும்.

வாய்ப்பு என்று பார்த்தால், சென்னை துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் பக்கத்திலேயே இருப்பது வடசென்னைக்காரருக்கு வசதி. ஜி கார்டோடு டாரிஃப் படிக்கத் தெரிந்தவரை ஃபார்வர்டிங் (சரக்கு அனுப்பும் ஏற்பாடு செய்யும்) கம்பெனிகளும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் இறக்குமதிப் பிரிவுகளும் எடுக்கின்றன. முதல் ஒன்றிரண்டு வருடம் சம்பளம் சுமார்தான், வெயிலும் உண்டு. அதில் ஆறு மாதமாவது சிஎஃப்எஸ்ஸில் நிற்கட்டும். கன்டெய்னர் சீல் எண் ஆவணங்களில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதும், பெட்டியில் இருக்கும் பொருளைக் காகிதத்தோடு ஒப்பிடுவதும் அங்கேதான் பழகும். அதன் பிறகும் கப்பல் கம்பெனியிடம் டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு) வாங்கிவரும் பையனாகவே வைத்திருந்தால் ஆபீஸை மாற்றலாம்.

ஒன்றில் மட்டும் சிக்க வேண்டாம். லைசென்ஸை விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் "லைசென்ஸ் இன்னொருத்தருடையது, நாம் பில்லுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுவோம்" என்று வாடகையில் ஓடும் ஆபீஸ்கள் உண்டு. கார்டு எந்தக் கம்பெனி பெயரில் வரும், சம்பளம் அதே கம்பெனி கணக்கிலிருந்து வருமா என்று கேளுங்கள். இரண்டும் வேறுவேறு பெயராக இருந்தால் அந்த ஆபீசில் சேர்க்க வேண்டாம்.