சிற்றலைக் கரையில் பிறந்த கெல்லி ஸ்லேட்டர் அலைச்சறுக்கில் (surfing) உலகச் சாம்பியன் ஆனது எப்படி?

காரைநகர் கசூரினாவைப் போல ஆழங்குறைந்த அமைதியான கடலை அறிந்த நமக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. 1972இல் புளோரிடாவின் கோகோ பீச்சில் பிறந்த ஸ்லேட்டருக்கு வாய்த்தவையும் பெரும்பாலும் வலுவற்ற சிற்றலைகள்தாம். அத்தகைய அலையில் வேகத்தை நாமே உண்டாக்க வேண்டியிருப்பதால், பலகையைச் சட்டெனத் திருப்பும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே படிந்தது என்பது என் கருத்து. 1992இல், 20 வயதில், முதற்பட்டம் பெற்றார். 1994 முதல் 1998 வரை தொடர்ந்து வென்றபின் முழுநேரப் போட்டியிலிருந்து விலகி, 2002இல் மீண்டு, 2011இல் தமது 11ஆவது பட்டத்தையும் பெற்றார்.

ஆனால் பட்டங்களைவிட வியப்புக்குரியது, ஹவாயின் பைப்லைன் என்னும் அலைச்சறுக்குக் கரையில் அவர் காட்டிய தேர்ச்சியே. அங்கே ஆழ்கடலிலிருந்து வரும் அலை, ஆழமற்ற பாறைத்திட்டில் மோதிக் குழாய்போல் சுருண்டு உடைகிறது. அதனுள் புகுபவர், குழாய் மூடுமுன் வெளியேறாவிடின் பாறையில் அறையப்படலாம். 2022 பெப்ரவரியில், 50ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்கையில், அவர் அங்கு நடந்த போட்டியில் மறுபடியும் வென்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து இதைப் பயில விரும்புவோர், பாக்கு நீரிணைப் பக்கத்தை விட்டு, ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை நல்ல அலைவரும் அறுகம்குடாவுக்குச் செல்வதே பொருத்தம்.