பத்தாவது ஆள்

தம்பி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஸ்குவிரல் ஹில் பகுதியில் வீடு பார்த்திருப்பதாகவும், யூதர்களின் ஜெப ஆலய வாசலில் காவலர் நிற்பதைக் கண்டு தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். இத்தனை அச்சத்துக்கு நடுவே அந்த யூத மக்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். குடும்பத்தோடு தாராளமாக வாருங்கள். பதினைந்து ஆண்டுகளாக நான் இங்கேதான் குடியிருக்கிறேன்.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலையில், ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயத்துக்குள் ஒருவன் புகுந்து சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் வழிபட்டு வந்த மூன்று சபைகளும் ஆட்களை இழந்தன. அன்று மாலையே பள்ளி மாணவர்கள் அழைத்ததன்பேரில், ஃபோர்ப்ஸ், மரே தெருக்கள் சந்திக்கும் இடத்தில், ஓய்வுநாளை முடித்துவைக்கும் ஹவ்தாலாச் சடங்கோடு ஊரே திரண்டது. இடமிழந்த சபைகளுக்கு அருகிலிருந்த ஆலயங்கள் இடம் கொடுத்தன.

இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் வேண்டுதலை அவர்கள் தனியே சொல்வதில்லை. மின்யான் எனப்படும் பத்துப் பேராவது கூடியிருக்க வேண்டும். அவர்களைச் சிதறாமல் வைத்திருப்பது இந்த விதிதான் என்பது என் எண்ணம். நம் சங்கங்களில் பொங்கலுக்கு வராவிட்டால் ஒரு இலை மிச்சமாகும், அவ்வளவே. அங்கே ஒருவர் வராவிட்டால் தந்தையை இழந்தவர் கதீஷ் சொல்ல முடியாமல் நிற்பார். பனி கொட்டிய ஒரு காலையில், படியில் உப்புத் தூவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முதியவர், தொலைபேசியில் பேசிவிட்டு, "ஒன்பது பேர்தானாம்" என்று சொல்லிக்கொண்டே, உப்பு வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். 2020 பெருந்தொற்றில் சில சபைகள் கணினித் திரையில் கூடியவர்களையும் பத்தில் சேர்த்துக்கொண்டன. ஆசாரமானவர்கள் அதை ஏற்காமல், வீட்டு முற்றங்களில் விலகி நின்று தொழுதார்கள்.

அக்கம்பக்கத்தில் துக்கம் நேர்ந்தால் கட்டாயம் போங்கள். ஷிவா எனப்படும் ஏழு நாள்களும் கதவு பெரும்பாலும் தாழிடாமல் இருக்கும். பூ கொண்டு போகும் வழக்கம் அவர்களிடம் இல்லை. நான் பூங்கொத்தோடு போய் அசடு வழிந்திருக்கிறேன். அடக்கம் முடிந்து வந்ததும் முதல் உணவை, அவித்த முட்டையும் பருப்பும் சேர்த்து, மற்றவர்கள்தான் கொடுப்பார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு கொண்டு போகும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் நீங்கள் சமைத்துக் கொண்டு போகுமுன், அவர்கள் கோஷர் எனப்படும் யூத உணவு விதியைக் கடைப்பிடிப்பவர்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை விருந்துக்கு அழைத்தால், அழைப்பு மணியை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள்; அப்போது தொடங்கும் ஓய்வுநாளில் ஆசாரமானவர்கள் மின்கருவிகளை இயக்குவதில்லை.