சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள்: இயோசினோஃபிலிக் ஈசோஃபஜைடிஸ் (ஒவ்வாமையால் வரும் உணவுக்குழாய் அழற்சி) கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் 6 வயது மகன் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறான், சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. பிடிவாதம் என்றே திட்டிவந்தோம். இது இந்த நோயாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். திட்டியதற்காக வருந்தாதீர்கள், பார்ப்பவர்களுக்கு இது பிடிவாதம் போலத்தான் தெரியும். இயோசினோஃபில் என்ற வெள்ளை அணு உணவுக்குழாயின் சுவரில் இருக்கவே கூடாது. உணவிலுள்ள ஏதோ ஒரு புரதம் ஒத்துக்கொள்ளாதபோது அங்கே வந்து குவிகிறது. சுவர் வீங்கி, நாளடைவில் இறுகுகிறது. பிள்ளையும் அதற்கேற்ப வழி கண்டுபிடித்துக்கொள்கிறது: துளித்துளியாகக் கடிப்பது, வெகுநேரம் மெல்வது, இறைச்சி, ரொட்டி பக்கமே போகாமல் இருப்பது. கைக்குழந்தை என்றால் வாந்தி, பால் மறுப்பு, எடை ஏறாமை. உணவு சிக்கி எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லையா? உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: எண்டோஸ்கோபியில் எல்லாம் இயல்பு என்றார்கள். திசு எடுக்கவில்லை. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இருக்க முடியாது. வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் குழாயிலும் இந்த நோய் இருக்கும். வெவ்வேறு உயரங்களில் குறைந்தது 6 திசுத் துணுக்குகள் எடுக்க வேண்டும். நுண்ணோக்கியின் ஓர் உயர் உருப்பெருக்கப் புலத்தில் (பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரே பார்வையில் தெரியும் பரப்பில்) 15 அல்லது அதற்கு மேல் இயோசினோஃபில் இருந்து, அறிகுறிகளும் பொருந்தி, வேறு காரணமும் இல்லையென்றால்தான் இந்த நோய் என்று சொல்வோம். ரத்தப் பரிசோதனையும் தோல் ஒவ்வாமைச் சோதனையும் இதற்குப் பதிலாகாது.

கேள்வி: பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீன் ஆறையும் நிறுத்தச் சொல்கிறார்கள். குழந்தை என்னதான் சாப்பிடும்?

பதில்: நான் முதலில் பாலை மட்டும் நிறுத்தச் சொல்வேன். பல பிள்ளைகளுக்குப் பால்தான் காரணம். ஆட்டுப்பாலும் மாற்றாகாது, பிஸ்கட்டில் ஒளிந்திருக்கும் பாலையும் பாருங்கள். ஆறையும் ஒன்றாக நிறுத்துவதென்றால் உணவியல் நிபுணர் கூடவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளர்ச்சி அடிவாங்கும்.

கேள்வி: ஆஸ்துமா ஸ்ப்ரேயை விழுங்கச் சொன்னார்கள். சரிதானா?

பதில்: சரிதான். ஸ்டீராய்டு மருந்து குழாயின் சுவரில் படிய வேண்டும். அதனால் ஸ்பேசர் (ஸ்ப்ரேயோடு பொருத்தும் குடுவை) வேண்டாம், மூச்சோடு இழுக்கவும் வேண்டாம். அப்புறம் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது.

கேள்வி: 3 மாதத்தில் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள். மருந்தை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், கெஞ்சியே கேட்கிறேன். அறிகுறி போன பிறகும் உள்ளே அழற்சி இருக்கலாம். அப்படியே விட்டால் குழாய் சுருங்கும். மீண்டும் எண்டோஸ்கோபி செய்து திசுவைப் பார்த்த பிறகு மருத்துவர் முடிவெடுக்கட்டும். மருந்து கேட்கவில்லை என்றால் ஒவ்வாமை அழற்சியைத் தணிக்கும் டுபிலுமாப் என்ற ஊசி இருக்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் 1 வயது முதல், 15 கிலோவாவது இருக்கும் குழந்தைகளுக்கும் அனுமதித்தார்கள்.