கோ-ஆப் ஆறு மாதம் சரி, இன்னொரு ஆறு மாதம் வேண்டாம்

தம்பி, பாஸ்டனில் எம்.எஸ். இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், ஜனவரியிலிருந்து ஆறு மாதம் கோ-ஆப் (படிப்பின் ஒரு பகுதியாகக் கம்பெனியில் பார்க்கும் வேலை) கிடைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். வொர்க் பர்மிட்டுக்குத் தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டுமா, சிபிடி (படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக வேலை செய்ய அனுமதி) எடுத்தால் ஓபிடி (பெரும்பாலும் படித்து முடித்ததும் நம் துறையில் வேலை செய்ய எடுக்கும் அனுமதி) போய்விடும் என்று சீனியர்கள் சொல்வது உண்மையா, இருக்கிற வீட்டு லீஸை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "பிடித்திருந்தால் இன்னொரு ஆறு மாதம் நீட்டிக்கிறோம் என்று கம்பெனியில் சொல்கிறார்கள், சரி என்று சொல்லிவிடலாமா அக்கா?"

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சொல்லாதீர்கள். ஆறும் ஆறும் பன்னிரண்டு. ஒரே பட்டப்படிப்பு நிலையில் முழுநேர சிபிடி மொத்தம் 12 மாதத்தைத் தொட்டாலே அந்த நிலைக்கான ஓபிடி உங்களுக்குக் கிடையாது. 12 மாதத்தைத் தாண்டினால்தான் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. பல பல்கலைக்கழகங்கள் 364 நாளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது இதனால்தான். தொடர்ச்சியாக வேலை பார்த்திருக்க வேண்டும் என்றும் இல்லை. நடுவில் ஒரு செமஸ்டர் இடைவெளி விட்டாலும் நாட்கள் கூடிக்கொண்டேதான் போகும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் அறைத்தோழி. என்னோடு வந்தவள்தான், படித்தது வேறு கல்லூரியில். முதலில் 8 மாதம் கோ-ஆப், அடுத்து வேறொரு கம்பெனியில் 4 மாதம் இன்டர்ன்ஷிப். இரண்டுக்கும் அவள் கல்லூரியே அனுமதி கொடுத்தது. கூட்டிப் பார்க்கச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. ஓபிடிக்குக் கேட்கப் போனபோதுதான் தெரிந்தது. நம்மைப் போல ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவில் படித்தவர்களுக்கு ஓபிடி 12 மாதம், அதன்மேல் நீட்டிப்பு 24 மாதம். எச்-1பி வேலை விசா லாட்டரிக்கு ஒவ்வொரு மார்ச்சிலும் பதிவு செய்ய அந்த மூன்று வருடம்தான் நமக்கு மூச்சுவிடும் நேரம். அவளுக்கு ஓபிடி வாய்ப்பே ஒரே நாளில் கை நழுவியது. அடுத்த நிலைப் படிப்புக்குப் போனால் ஓபிடி புதிதாகக் கிடைக்கும் என்பதால் பி.எச்டி.யில் சேர்ந்தாள். அவளாக ஆசைப்பட்டுப் போன படிப்பில்லை அது. அன்று இரவு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள் அழுதது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் கம்பெனிக்கு இப்படிச் சொல்லுங்கள்: முதல் ஆறு மாதம் முழுநேரம். நீட்டிப்பதென்றால் மூன்று மாதம், மிஞ்சிப்போனால் நான்கு. அதற்கு மேலும் அவர்களுக்கு நீங்கள் தேவைப்பட்டால் வாரம் 20 மணி நேரத்துக்குள் பகுதிநேரமாகச் செய்யலாம், அது இந்த 12 மாதக் கணக்கில் சேராது. அதற்கும் தனியாக சிபிடி அனுமதி வேண்டும். 364 நாள் வரை இழுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். ஒரு தேதியை மாற்றி எண்ணிவிட்டால் போச்சு. 12 மாதத்துக்கு ஒரு மாதமாவது குறைவாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

சீனியர்கள் சொன்னதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆறு மாத சிபிடியால் ஓபிடிக்கு ஒன்றும் ஆகாது, ஒரு நாள்கூடக் குறையாது.

அப்புறம் அனுமதி. கோ-ஆப் என்பதே இந்த நாட்டில் பிறந்த முறை. 1906இல் சின்சினாட்டியில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கியது. உங்கள் ஊரில் இருக்கிற நார்த்ஈஸ்டர்ன் 1909இலேயே அதைப் பிடித்துக்கொண்டது. வேலையும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி என்பதுதான் அதன் அடிப்படை. எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் நமக்கு சிபிடி கிடைப்பதும் அந்த அடிப்படையில்தான். ஆகவே குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்-க்கு விண்ணப்பம் போட வேண்டாம், அவர்களுக்குக் கட்டணமும் கிடையாது. பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்து முடித்திருக்க வேண்டும், நீங்கள் முடித்துவிட்டீர்கள். ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு, கோ-ஆப் பாடத்துக்குப் பதிவு செய்து, துறை ஆலோசகரிடம் ஒப்புதல் வாங்கி, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ என்ற அதிகாரியிடம் கொடுங்கள். அவர் செவிஸ் என்ற அரசின் மாணவர் பதிவேட்டில் ஏற்றிப் புதிய ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் சான்றுப் படிவம்) தருவார். அதன் இரண்டாம் பக்கத்தில் கம்பெனி பெயர், முழுநேரமா பகுதிநேரமா, தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் இருக்கும். அந்தப் பக்கம்தான் உங்கள் வொர்க் பர்மிட். தனியாகக் கார்டு எதுவும் வராது.

இதுவே சின்னக் கம்பெனிகளில் குழப்பமாகிவிடும். எச்.ஆர்.காரர் "இஏடி கார்டு எங்கே?" என்று கேட்பார். ஓபிடிக்குத்தான் அந்த வேலை அனுமதிக் கார்டு, சிபிடிக்கு இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். வேலைக்குச் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்துக்கு உங்கள் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), சிபிடி ஏறிய ஐ-20 மூன்றும் சேர்ந்தால் போதும்.

தேதி விஷயத்தில் என் கதையையும் கேளுங்கள். நான் 2013 ஆகஸ்டில் வந்தேன். அடுத்த வருடம் கோ-ஆப். ஐ-20இல் தொடங்கும் தேதி 2014 ஜூன் 30, திங்கட்கிழமை. முந்தின வாரம் மேனேஜர் ஃபோன் பண்ணினார். "வியாழக்கிழமை வந்துவிடேன், டீம் எல்லாரும் இருப்பார்கள், லேப்டாப்பையும் செட் பண்ணிவிடலாம்" என்றார். எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டார் தெரியுமா? புது வேலை, முதல் அமெரிக்க மேனேஜர், முடியாது என்று எப்படிச் சொல்வது? கிளம்பியே விட்டேன். ரயில் நிலையத்தில் நிற்கும்போது மனசு கேட்காமல் டிஎஸ்ஓ-வுக்கு ஃபோன் செய்தேன். அவர் சொன்னது ஒன்றுதான்: "திங்கட்கிழமைக்கு முன்னால் நீ அங்கே செய்வது எதுவானாலும் அனுமதியில்லாத வேலை. வீட்டுக்குப் போ." திரும்பி வந்து மேனேஜருக்கு நாலு வரியில் காரணத்தை எழுதினேன். அவர் மன்னிப்புக் கேட்டார். இங்கே பலருக்கு நம் விசா விதிகள் தெரியாது, அவர்கள் கெட்ட எண்ணத்தில் கூப்பிடுவதில்லை. விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது நாம்தான்.

முடியும் தேதிக்கும் இதே கதைதான். அன்றோடு லேப்டாப்பை மூடிவிடுங்கள். நீட்டிப்பதாக இருந்தால் பழைய தேதி முடிவதற்குள் புதிய ஐ-20 கையில் இருக்க வேண்டும், "ப்ராசஸ் ஆகிக்கொண்டிருக்கிறது" என்ற நிலையில் வேலை செய்யக் கூடாது. பல வருடம் கழித்து எச்-1பி மனுவின்போது பழைய ஐ-20கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை செய்தீர்களா என்று நேராகவே ஒரு கேள்வி இருக்கிறது. எனக்கு அந்தப் பக்கம் வந்தபோது யோசிக்காமல் "இல்லை" என்று எழுத முடிந்தது அந்த வியாழக்கிழமையால்தான். ஒரு ஐ-20ஐயும் தூக்கி எறியாதீர்கள். ஸ்கேன் செய்து அப்பாவுக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

சம்பளத்தில் ஒன்று கவனியுங்கள். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகள் கிடையாது. 6.2 சதவீதமும் 1.45 சதவீதமும், மொத்தம் 7.65. எச்.ஆர். மென்பொருளில் உங்களை இந்நாட்டுக்காரராகப் பதிந்துவிட்டால் இது தானாகவே பிடிபடும். மணிக்கு 30 டாலர், வாரம் 40 மணி, 26 வாரம் என்று வைத்துக்கொண்டால் சம்பளம் 31,200 டாலர். அதில் சுமார் 2,387 டாலர் சும்மா போகும். நம் ஊர்க் கல்விக் கடனுக்கு அது எத்தனை மாத வட்டி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பே ஸ்டப் வந்த அன்றே பாருங்கள், இந்த வரியைப் பிடித்திருந்தால் கம்பெனியிடமே திருப்பிக் கேளுங்கள். வருமான வரி வேறு, அதைப் பிடிப்பது சரிதான். வருடக் கடைசிக் கணக்கை 1040-என்ஆர் படிவத்தில் போட வேண்டும், 8843 என்ற படிவமும் உண்டு. இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவால் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வரி போடுமுன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை) கிடைக்கும், வேறு பல நாட்டு மாணவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதை விட்டுவிடாதீர்கள்.

எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இன்னும் வாங்கவில்லை என்றால், வேலை தொடங்க 30 நாளுக்கு மேல் இருக்கும்போது போனால் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். அந்தக் கடைசி 30 நாளுக்குள் ஒரு நாள் பார்த்துப் போங்கள். எண் வருவதற்குள் வேலை தொடங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், விண்ணப்பித்திருந்தால் வேலை செய்யலாம்.

வீட்டு விஷயம். வேலை வேறு ஊரில் என்றால் லீஸை முறிக்காதீர்கள். ஜனவரியில் வந்து சேரும் புது மாணவர்கள் அறை தேடித் திண்டாடுவார்கள், ஆறு மாதத்துக்கு அவர்களுக்கு சப்லெட் (உள்வாடகை) விடலாம். ஆனால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டுச் செய்யுங்கள். வீடு மாறிய 10 நாளுக்குள் புது முகவரியைக் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும், வேலை அவசரத்தில் பலர் மறந்துபோவது இதைத்தான்.

நாளைக்கே டிஎஸ்ஓ-விடம் நேரம் வாங்குங்கள். டிசம்பர் வந்துவிட்டால் எல்லாரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். புதிய ஐ-20 வந்ததும் கம்பெனிப் பெயர் ஆஃபர் லெட்டரில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். நீட்டிப்பு பற்றிக் கம்பெனிக்கு என்ன எழுதுவது என்று தயக்கமாக இருந்தால், அனுப்புவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து எழுதுவோம்.