நிழலை எங்கே விடுவது என்று தெரிந்தவர்: வி. கே. மூர்த்தி பற்றிக் கேள்வி பதில்

இந்தி இயக்குநர் குரு தத் படங்களின் ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் பல வருடம் கேமரா உதவியாளராக இருந்தவன். ஃபோகஸ் பிடித்த காலத்தில் இவர் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் ஒளியைப் படித்தேன்.

மூர்த்தி மும்பைக்காரரா சார்? பெயரைப் பார்த்தால் தென்னிந்தியர் போலிருக்கிறதே.

மைசூர்க்காரர். 1923 நவம்பர் 26 அன்று பிறந்தார். வயலின் வாசிப்பார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய் வந்தவர். பெங்களூரு ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு படித்து 1946இல் டிப்ளமோ வாங்கினார். புனே திரைப்படக் கல்லூரி தொடங்கியது 1960இல்தான். அதற்கு முன்பே கேமராவை ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுத்த இடம் அது. பிறகு மும்பை போய், ஃபாலி மிஸ்திரி என்ற பெரிய கேமராமேனிடம் வேலை கற்றுக்கொண்டார்.

குரு தத் இவரை எங்கே கண்டுபிடித்தார்?

குரு தத் முதன்முதலில் இயக்கிய 'பாஸி' (1951) படத்தில். அதற்கு ஒளிப்பதிவு வி. ராத்ரா, மூர்த்தி உதவியாளர். ஒரு பாட்டுக் காட்சியில், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தில் தொடங்கி அப்படியே நகர்ந்துபோகும் ஷாட் ஒன்றை எடுக்கலாமே என்று மூர்த்தி யோசனை சொன்னார். எடுப்பதற்குச் சிக்கலான ஷாட். ராத்ரா பெரிய மனதோடு கேமராவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். ஷாட் ஓகே ஆனது. அடுத்த படத்துக்கு நீதான் கேமராமேன் என்று குரு தத் அன்றே முடிவு செய்துவிட்டார். அந்தப் படம் 'ஜால்' (1952). அதிலிருந்து 'ஆர் பார்', 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55', 'சி.ஐ.டி.', 'ப்யாசா' என்று வரிசையாக வந்தன.

இந்தக் கதையில் ராத்ராவை யாரும் பேசுவதில்லை. உதவியாளன் கையில் கேமராவைக் கொடுப்பது சாதாரணக் காரியமில்லை. நானும் உதவியாளனாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

'காகஸ் கே ஃபூல்' பாட்டில் மேலிருந்து விழுமே ஒரு ஒளிக்கற்றை, அது எப்படி அண்ணா? பெரிய ஆர்க் லைட்டா?

எல்லோரும் கேட்கும் கேள்விதான் தம்பி, ஆனாலும் விரிவாகவே சொல்கிறேன். அது விளக்கே இல்லை. சூரியன்.

காலியான ஸ்டுடியோ ஒன்றுக்குள் நாயகனும் நாயகியும் எதிரெதிரே நிற்கிறார்கள். கூரையிலிருந்து தரை வரைக்கும் தூண் போல வெளிச்சம் இறங்குகிறது. ஆர்க் லைட்டை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்தாலும் அதன் வெளிச்சம் போகப் போக விரியும். கூம்பு மாதிரி தெரியும், தூண் மாதிரி தெரியாது. சூரியன் அவ்வளவு தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருகின்றன. மூர்த்தி செய்தது இதுதான்: வெளியே வெயிலில் ஒரு பெரிய கண்ணாடி. அது வெயிலை ஸ்டுடியோவுக்குள் உயரத்தில் வைத்த இன்னொரு கண்ணாடிக்கு அனுப்பும். அந்தக் கண்ணாடி அதைக் கீழே இறக்கும். ஒளி போகும் பாதை கண்ணுக்குத் தெரியக் காற்றில் தூசியோ புகையோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில் ஒரு வட்டம் மட்டும்தான் தெரியும்.

சூரியன் ஓரிடத்தில் நிற்காது. நகர நகரக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பிடித்து நின்றவர்களின் கையை நினைத்துப் பாருங்கள்.

அந்த இரண்டு பேரின் உருவமும் உடம்பைவிட்டு விலகி அந்த ஒளியை நோக்கி நடந்துபோவது இரட்டைப் பதிவு, அதாவது ஒரே ஃபிலிமில் இரண்டு முறை படம் பதிவது. நிஜத்தில் சேர முடியாதவர்கள் வெளிச்சத்துக்குள் சேர்கிறார்கள். கண்ணாடி வித்தையை யாரும் கற்றுக்கொள்ளலாம். அந்த இடத்துக்கு அந்த வெளிச்சம்தான் வேண்டும் என்று தோன்றியதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சினிமாஸ்கோப்பில் எடுத்தது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்குமா?

'காகஸ் கே ஃபூல்' (1959) இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத் திரைப் படம். கஷ்டம் இல்லாமல் இருந்திருக்காது. சினிமாஸ்கோப் லென்ஸ் அகலத்தைப் பாதியாகச் சுருக்கி ஃபிலிமில் பதியும், தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை மறுபடி விரிக்கும். பழைய ஸ்கோப் லென்ஸுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், கிட்டே போய் முகத்தை எடுப்பதும் சிரமம். குரு தத்துக்கோ க்ளோசப் என்றால் உயிர். 75 எம்.எம். லென்ஸ் போட்டு முகத்தை நெருங்கிப் பழகியவர் அவர்.

அகலத்தைக் கூட்டத்தாலும் செட் அலங்காரத்தாலும் நிரப்புவது சுலபம். மூர்த்தி அதை வெறுமையால் நிரப்பினார். பிரம்மாண்டமான ஸ்டுடியோ, ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு மனிதன், மீதியெல்லாம் இருட்டு. தோற்றுப்போன இயக்குநரின் கதைக்கு அதைவிடப் பொருத்தம் வேறென்ன? படம் ஓடவில்லை. குரு தத் அதன்பின் இயக்குநர் என்று தன் பெயரைப் போட்டுக்கொள்ளவே இல்லை. மூர்த்திக்கு மட்டும் அந்தப் படம் ஃபிலிம்ஃபேர் விருது வாங்கிக்கொடுத்தது.

'சௌத்வீன் கா சாந்த்' அவர் எடுத்ததுதானே?

முழுப் படம் இல்லை. அதன் ஒளிப்பதிவாளர் நாரிமன் இரானி. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நடுவே வண்ணத்தில் வரும் தலைப்புப் பாடல்தான் மூர்த்தியின் வேலை. வண்ணம் பழக, 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' என்ற ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்புக்குப் போய் இருந்து பார்த்து வந்தவர். அன்றைய வண்ண ஃபிலிமுக்கு வெளிச்சம் அள்ளிக் கொட்ட வேண்டும். விளக்குச் சூட்டில் தன் கண்கள் சிவந்துவிட்டதாக வஹீதா ரெஹ்மானே சொல்லியிருக்கிறார்.

நான் குறும்படம் எடுக்கிறேன். கறுப்பு வெள்ளையில் எடுத்து டிஐயில் (எடுத்த படத்தைக் கணினியில் சரிசெய்யும் கட்டம்) கான்ட்ராஸ்ட் ஏற்றினேன், மூர்த்தி மாதிரி வரவில்லை. என்ன தப்பு?

வண்ணத்துக்கு லைட் பண்ணிவிட்டுப் பிறகு வண்ணத்தை மட்டும் நீக்கியிருப்பீர்கள். சிவப்புப் புடவையும் பச்சைச் சுவரும் வண்ணத்தில் தனித்தனியாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி, ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்வார். நிறம் செய்யும் வேலையை அங்கே விளக்குதான் செய்ய வேண்டும். பின்னாலிருந்து முடியிலும் தோளிலும் ஒரு கோடு, முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், பின்சுவரில் முகத்தைவிடக் கூடவோ குறையவோ ஒரு அளவு. 'ப்யாசா'வில் அரங்க வாசலில் கை விரித்து நிற்கும் கவிஞனைப் பாருங்கள். வெளிச்சம் முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால். முகம் இருட்டு. ஆனாலும் யார் என்று சந்தேகமே வராது.

அடுத்த முறை எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கோடு தொடங்குங்கள். இரண்டாவது எதற்கு என்று உங்களால் சொல்ல முடிந்தால் மட்டும் போடுங்கள்.

'சாஹிப் பீபி அவுர் குலாம்' நடனத்தில் பின்னால் ஆடுபவர்கள் முகம் ஏன் தெரிவதில்லை?

வேண்டுமென்றே செய்தது அம்மா. முன்னால் ஆடும் மினூ மும்தாஜ் மேல் மட்டும்தான் வெளிச்சம். பின்னால் இருக்கும் பெண்கள் பாட்டு முழுக்க நிழல். அவர்கள் ஆடுவதும் நகர்வதும் தெரியும், முகத்தில் மட்டும் வெளிச்சம் விழாது. சொல்ல எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும். ஆள் ஓரடி முன்னே வந்தாலே முகத்தில் வெளிச்சம் ஏறிவிடும். கட்டர் (வெளிச்சத்தை மறைக்கும் தட்டி) வைத்து ஒவ்வொரு விளக்கையும் அளந்து வெட்ட வேண்டும். ஜமீன் வீட்டின் கேளிக்கையில் அந்தப் பெண்களுக்கு முகம் இல்லை என்பதையும் அந்த நிழல் சொல்லிவிடுகிறது. 1962இல் வந்த இந்தப் படத்துக்கும் ஃபிலிம்ஃபேர் கிடைத்தது.

குரு தத் போன பிறகு சாதாரண மசாலாப் படங்கள்தானே செய்தார்? திறமை வீணாகிவிட்டதா?

குரு தத் 1964 அக்டோபர் 10 அன்று, 39 வயதில் இறந்தார். பிறகு மூர்த்தி பிரமோத் சக்ரவர்த்தியோடு நிறைய வேலை செய்தார்: 'லவ் இன் டோக்கியோ', 'நயா ஜமானா', 'ஜுக்னு'. 'பாகீஸா'வின் ஒளிப்பதிவாளர் ஜோசஃப் வெர்ஷிங் 1967இல் நடுவிலேயே இறந்தபோது, மீதியை எடுத்துக்கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் நிழலை நம்பிய அளவுக்கு நம்பிய இயக்குநர் அதற்குப் பிறகு அவருக்கு வாய்க்கவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

அவரிடம் உதவியாளராக இருந்த கோவிந்த் நிஹலானியும் அதே பெங்களூரு பாலிடெக்னிக் மாணவர்தான். பிரிவினையைப் பற்றி நிஹலானி இயக்கிய 'தமஸ்' (1988) தொடரில் குரு வந்து சீடனுக்காகக் கேமரா பிடித்தார். அதே வருடம் ஷ்யாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொடரிலும் வேலை செய்தார். அப்போது வயது 60ஐத் தாண்டிவிட்டது.

பால்கே விருது அவருக்கு எப்போது கிடைத்தது?

2008ஆம் ஆண்டுக்கான விருது, கையில் வந்தது 2010இல். 86 வயது. பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் இவர்தான். விருது தொடங்கியது 1969இல் என்பதை நினைத்தால், ஒரு கேமராமேனின் பெயர் மேடையில் கேட்க இத்தனை வருடமா என்று மனசு ஆறவில்லை. 2014 ஏப்ரல் 7 அன்று பெங்களூருவில் காலமானார்.

ஒரே ஒரு காட்சி பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

'சாஹிப் பீபி அவுர் குலாம்' படத்தில் பூத்நாத் முதன்முதலாகச் சின்ன மருமகளின் அறைக்குள் போகும் இடம். அவன் தலை குனிந்தே போகிறான். அதனால் நமக்கும் கம்பளமும் அவள் பாதங்களும்தான் தெரிகின்றன. பிறகுதான் அவன் நிமிர்கிறான், கேமரா மீனா குமாரியின் முகத்தை நோக்கிப் போகிறது. முதல் தடவை சத்தத்தோடு பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு, அந்த முகத்தில் எந்த இடத்தில் வெளிச்சம் நிற்கிறது, எங்கே விட்டுவிட்டிருக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.